சாவு விழுந்த வீடு: வாங்கிய பிறகு வரும் பயத்தை எப்படிப் புரிந்துகொள்வது?

பால் காய்ச்சி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. சென்னை நங்கநல்லூரில் நாங்கள் வாங்கியது 30 வருடப் பழைய அடுக்ககத்தில் இரண்டாம் மாடி வீடு. கறிவேப்பிலை கொடுக்க வந்த எதிர்வீட்டு மாமி உள் அறையை எட்டிப் பார்த்துவிட்டு, "இந்த ரூம்லதான் சார் தவறிப்போனார். ஆறு மாசம் படுத்த படுக்கையா இருந்தார், பாவம்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பல வருடம் பக்கத்தில் வாழ்ந்த மனிதரை நினைத்துக்கொண்டார், அவ்வளவுதான். ஆனால் அன்று ராத்திரி என் மனைவி அந்த அறை விளக்கை அணைக்க விடவில்லை. சுவரில் ஆள் உயரத்துக்கும் மேலே ஓர் இரும்புக் கொக்கி இருந்தது. அது எதற்கு அங்கே இருக்கிறது என்று இருவருமே யோசித்தோம், வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை. மூன்று வாரமாகக் காதில் விழாத சத்தங்களெல்லாம் அன்றைக்கு ஒவ்வொன்றாக விழுந்தன.

சேமிப்பு முழுவதையும் போட்டு, 20 வருடக் கடனும் வாங்கிக் குடிவந்த வீட்டில் நிம்மதியாகப் படுக்க முடியவில்லை என்றால் அது சின்ன விஷயம் இல்லை. "படித்தவங்க இப்படிப் பயப்படலாமா" என்று கேட்பதால் இந்தப் பயம் போகாது. கேட்கப்பட்டவர் இனி வெளியே சொல்லமாட்டார், அதுதான் மிச்சம். எங்களுக்கு இதிலிருந்து மீளச் சில மாதங்கள் ஆயின. ரீசேல் வீடு வாங்கியிருக்கும், அல்லது வாங்கப்போகும் யாருக்காவது உதவும் என்று, கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். பேய் உண்டா இல்லையா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. எந்த நம்பிக்கை உள்ளவருக்கும் பயன்பட வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த வீட்டில் ஒருவர் இறந்தார் என்பது தகவல். அதனால் இங்கே காத்து கருப்பு ஏதோ தங்கிவிட்டது என்பது ஊகம். ராத்திரி இரண்டு மணிக்குக் கேட்ட 'டொக்' சத்தம், நாம் அந்த ஊகத்துக்குக் கூப்பிட்டுக்கொள்ளும் சாட்சி. பயம் வரும்போது மூன்றும் ஒரே முடிச்சாக வரும். அவிழ்க்கும்போது ஒவ்வொன்றாகத்தான் அவிழ்க்க முடியும்.

யாரும் இறக்காத இடம் எங்கே?

1688லேயே மாநகராட்சி அமைந்த ஊர் இது. அதற்கு எவ்வளவோ முன்பே இங்கே மனிதர்கள் வாழ்ந்திருக்கிறார்கள். பல்லாவரத்தில் 2,000 வருடங்களுக்கு மேல் பழமையான சுடுமண் ஈமப்பேழைகள் கிடைத்திருக்கின்றன. குன்றத்தூர், சிறுதாவூர் பக்கமெல்லாம் பெருங்கற்காலப் புதைகுழிகள் உண்டு. அந்தத் தென்புறப் புறநகரில் புத்தம்புது அடுக்ககத்தில் சாவி வாங்குகிறவர்கூட, மிகப் பழைய ஓர் ஈமக்காட்டுக்குப் பக்கத்தில்தான் குடியேறுகிறார் என்று சொல்லலாம்.

பழைய வீடு என்றால் இன்னும் நேரடியான கணக்கு. நம் வீடுகளில் பெரியவர்கள் வீட்டிலேயே கண்மூடுவதுதான் வழக்கமாக இருந்தது. மருத்துவர் கைவிரித்த பிறகு "வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடுவோம்" என்று அழைத்துவரும் குடும்பங்கள் இன்றைக்கும் ஏராளம். 2020லும் 2021லும் கொரோனா எத்தனை வீடுகளின் கதவைத் தட்டியது என்று சென்னையில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 30, 40 வருடமாகக் குடும்பங்கள் வாழ்ந்த வீட்டில் ஒரு மரணமும் நடக்கவில்லை என்றால் அதுதான் அபூர்வம்.

வீட்டுப் பத்திரக் கட்டை எடுத்துப் பாருங்கள். உரிமையாளர் காலமாகி, வாரிசுகள் சேர்ந்து விற்ற வீடு என்றால், அதில் ஓர் இறப்புச் சான்றிதழ் கட்டாயம் இருக்கும். இறந்த தேதியும் இறந்த இடமும் அதிலேயே எழுதியிருக்கும். எங்கள் கட்டிலும் இருந்தது. வங்கிக்காக மூன்று நகல் எடுத்த காகிதம்தான், ஒரு தடவைகூட நிதானமாகப் படிக்கவில்லை. மாமி சொன்ன செய்தி முதல் நாளிலிருந்தே எங்கள் பீரோவில் இருந்திருக்கிறது. அதை அறியாத மூன்று வாரமும் அதே அறையில் நன்றாகத் தூங்கியிருக்கிறோம்.

அந்த இறப்புச் சான்றிதழை வைத்துச் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு, அதைச் சொல்லிவிடுகிறேன். இறந்தவருக்கு யார் யார் வாரிசு, அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டார்களா என்று வாரிசுச் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இந்து ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, மகன்கள், மகள்களோடு, உயிரோடிருக்கும் தாயாருக்கும் பங்கு உண்டு. கல்யாணமாகி வெளியூர் போன மகளை விட்டுவிட்டு எழுதிய பத்திரம் பத்து வருடம் கழித்து வழக்காக வரக்கூடும். பழைய மரணம் ஒன்று நிஜமாகவே உங்கள் வீட்டைத் தொந்தரவு செய்யக்கூடிய வழி இதுதான் என்பேன்.

விற்பவர் சொல்ல வேண்டாமா?

நம் ஊரில் இதற்கெனத் தனிச் சட்டம் கிடையாது. 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, வாங்குபவர் சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறைகளை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது. கட்டடத்திலும் உரிமையிலும் உள்ள குறைகளைப் பற்றிய பேச்சு அது. ஒரு மரணத்தை அதற்குள் கொண்டுவருவது கடினம். ஆனால் நீங்கள் நேராகக் கேட்டு, அவர் தெரிந்தே பொய் சொன்னால் கதை வேறு. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், தெரிந்தே பொய் சொல்லி ஒப்பந்தத்துக்குள் இழுப்பதை மோசடியாகவே பார்க்கிறது. அதனால் உங்களுக்கு இது முக்கியம் என்றால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். வாட்ஸ்அப்பில் கேட்டால் பதில் எழுத்தில் இருக்கும். புரோக்கரை மட்டும் நம்பாதீர்கள். இஸ்திரி போடுபவர், வாட்ச்மேன், தெருமுனை மளிகைக் கடைக்காரர், இவர்களுக்குத் தெரியாத வீடு இல்லை. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்க விவரத்தை இலவசமாகவே பார்க்கலாம். குறுகிய காலத்தில் வீடு பல கை மாறியிருந்தால் ஏன் என்று விசாரிக்கலாம். பெரும்பாலும் கடன் தொல்லையோ தண்ணீர்ப் பிரச்சினையோதான் காரணமாக இருக்கும்.

வேறு நாடுகளில் இதை எழுதியே வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், கடந்த 3 வருடத்துக்குள் வீட்டில் நடந்த மரணத்தை வாங்குபவருக்குச் சொல்ல வேண்டும். ஜப்பானில் தற்கொலையோ கொலையோ நடந்த வீடுகளுக்கு 'விபத்துச் சொத்து' என்ற பொருளில் தனிப் பெயரே உண்டு. 2021இல் அந்த நாட்டு அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்படி, வாடகைக்கு வருபவரிடம் அப்படிப்பட்ட சாவை ஏறத்தாழ 3 வருடம் வரை சொல்ல வேண்டும். வயதாகி, நோயில் படுத்து இறந்ததைச் சொல்லத் தேவையில்லை. இரண்டு ஊரிலும் 3 வருடம் என்று ஓர் எல்லை வைத்திருப்பதைக் கவனியுங்கள். நம் வழக்கத்திலும் இப்படி ஓர் எல்லை உண்டு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ராத்திரிச் சத்தங்கள்

புது இடத்தில் தூக்கம் வராது என்று எல்லோருக்கும் தெரியும். ஏன் என்பதற்கு 2016இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு விளக்கம் தந்தார்கள். பழக்கமில்லாத இடத்தில் முதல் இரவு தூங்கும்போது மூளையின் இடது பாதி ஆழ்ந்து உறங்காமல் காவல் காக்கிறது. அந்நியமான சத்தத்துக்கு அது சட்டென்று விழித்துக்கொள்கிறது. அதோடு "இங்கேதான் இறந்தார்" என்ற செய்தியும் சேர்ந்தால் காது இன்னும் கூர்மையாகிவிடும். 1997இல் அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு நாடக அரங்கில் சோதித்துப் பார்த்தார்கள். அமானுஷ்யமான இடம் என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களுக்கு, புதுப்பிப்பு வேலை நடக்கும் இடம் என்று மட்டும் சொல்லப்பட்டவர்களைவிட அதிகமான விசித்திர உணர்வுகள் ஏற்பட்டன. அரங்கு ஒன்றுதான். சொல்லி அனுப்பிய சொல்தான் வேறு.

சரி, சத்தம் நிஜமாகவே கேட்கிறதே? கேட்கும். சித்திரை வெயிலில் மொட்டை மாடித் தளம் நாளெல்லாம் காய்ந்து, நள்ளிரவில் குளிர்கிறது. 10 மீட்டர் நீளமுள்ள கான்கிரீட் தளம் 15 டிகிரி குளிர்ந்தால் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் சுருங்கும். அந்தச் சுருக்கத்தைத் தளமும் சுவரும் ஒரேயடியாக ஏற்றுக்கொள்வதில்லை, விட்டுவிட்டு நகரும். அந்த நகர்வுதான் 'டொக்'. மேல் வீட்டில் யாரோ கோலிக்குண்டு உருட்டுவது போன்ற சத்தத்தை எத்தனையோ அடுக்ககவாசிகள் சொல்லியிருக்கிறார்கள். குழாய்க்குள் ஓடும் தண்ணீர் சட்டென்று நிற்கும்போது அதன் வேகம் குழாய்ச் சுவரில் மோதி இப்படிக் கேட்கும். சம்ப்பிலிருந்து மேல் தொட்டிக்கு மோட்டார் ஏற்றி நிறுத்தும் நேரத்தோடு சத்தம் ஒத்துப்போகிறதா என்று குறித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் ஒத்துப்போனது. வாட்ச்மேன் விடிகாலை 4:30க்கு மோட்டார் போட்டுக்கொண்டிருந்தார்.

கூரைமேல் நடக்கும் காலடி மரநாயாக இருக்கலாம். மயிலாப்பூர், மாம்பலம், அடையாறு பக்கம் மரங்கள் மிச்சமிருக்கும் தெருக்களில் மரநாய் இன்றும் உண்டு, நடமாட்டம் ராத்திரியில்தான். குழந்தை அலறுவது போன்ற சத்தம் கூகையினுடையது. வெள்ளை முகத்தோடு பழைய கட்டட இடுக்கில் குடியிருந்து எலி பிடித்துக் கொடுக்கும் அந்தப் பறவையை, பயத்தில் விரட்டிவிடாதீர்கள். ஐப்பசி வாக்கில் ராத்திரி மட்டும் திகட்டத் திகட்ட ஒரு பூவாசனை வந்தால், தெருவில் ஏழிலைப்பாலை மரம் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். மழைக்காலத்தில் ஊறிப்போய்ச் சாத்த முடியாத மரக்கதவு தை மாதத்தில் காய்ந்து சுருங்கி, தாழ்ப்பாள் பிடிக்காமல் தானே திறந்துகொள்ளும்.

இன்னொன்று இந்தக் காலத்துப் பயம். ஸ்விட்சை அணைத்த பிறகும் எல்இடி பல்பு மங்கலாக எரிந்துகொண்டிருக்கும். ஸ்விட்சை ஃபேஸில் வைக்காமல் நியூட்ரலில் வைத்து வயரிங் செய்திருந்தாலும், பக்கத்து வயரிலிருந்து துளி மின்சாரம் ஏறினாலும் இப்படி ஆகும். இதைக் கண்டால் எலக்ட்ரீஷியனை உடனே கூப்பிடுங்கள். நியூட்ரலில் ஸ்விட்ச் என்றால், விளக்கு அணைந்திருக்கும்போதும் ஹோல்டரில் மின்சாரம் இருக்கும்.

விசித்திர உணர்வுகளில் ஒன்றை மட்டும் ஒருபோதும் அலட்சியப்படுத்தக் கூடாது. 1921இல் வில்லியம் வில்மர் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் ஒரு குடும்பத்தின் கதையை மருத்துவ இதழில் எழுதினார். புது வீட்டுக்குப் போனதும் அவர்களுக்குத் தலைவலி, சோர்வு, யாரோ நடக்கும் காலடி, கண்ணெதிரே உருவங்கள். குழந்தைகள் வெளிறிப்போனார்கள். கடைசியில் பார்த்தால், வீட்டைச் சூடாக்கும் உலை பழுதாகி கார்பன் மோனாக்சைடு கசிந்துகொண்டிருந்தது. நிறமும் வாசனையும் இல்லாத நச்சு அது. சென்னையில் அப்படி உலை கிடையாது. ஆனால் காற்றோட்டமில்லாத குளியலறையில் மாட்டிய கேஸ் கீசரும், ஜன்னலுக்கு அடியில் ஓடும் ஜெனரேட்டரும் அதே வேலையைச் செய்யும். வீட்டுக்குள் இருக்கும்போது மட்டும் பலருக்கும் சேர்ந்து தலை சுற்றுகிறது, வெளியே போனால் சரியாகிறது என்றால் முதலில் ஜன்னலைத் திறந்து வெளியே வாருங்கள், பிறகு மருத்துவரிடம் போங்கள். மந்திரிப்பதெல்லாம் அப்புறம்.

அமுக்குவான் பேய் பற்றியும் சொல்ல வேண்டும். விழிப்பு வந்துவிட்டது, கை கால் அசையவில்லை, நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள், அறை மூலையில் ஓர் ஆள் நிற்கிறார். கனவு காணும் தூக்கத்தில், கனவில் ஓடுவதைப் படுக்கையில் ஓடிவிடாமலிருக்க, மூளை உடலின் தசைகளைத் தளர்த்தி வைத்திருக்கும். சில சமயம் மனம் விழித்த பிறகும் அந்தக் கட்டு சில நொடிகள், சில நிமிடங்கள் அவிழாமல் நிற்கும், கனவும் கலையாமல் அறைக்குள் கலந்துவிடும். நூறில் ஏறக்குறைய எட்டுப் பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இது வருகிறது. தூக்கம் கெட்டவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் அதிகம் வரும். வீடு மாறும் மாதத்தில் யாருக்குத்தான் ஒழுங்கான தூக்கம்? ஒருக்களித்துப் படுங்கள், நேரத்துக்குத் தூங்குங்கள். வந்துவிட்டால் ஒரு விரல் நுனியை மட்டும் அசைக்கப் பாருங்கள்.

அடைப்பு

இப்போது நம் வழக்கத்துக்கு வருகிறேன். என் அம்மாதான் இதை எங்களுக்கு எடுத்துச் சொன்னார். அவிட்டம் தொடங்கி ரேவதி வரை உள்ள ஐந்து நட்சத்திரங்களில் ஒருவர் இறந்தால் 'தனிஷ்டா பஞ்சமி' என்பார்கள். இறந்த அறையை, சில குடும்பங்களில் வீட்டையே, அடைத்துவைப்பார்கள். பஞ்சாங்கத்தில் எந்த நட்சத்திரத்துக்கு எத்தனை மாதம் அடைப்பு என்றே போட்டிருக்கும். இந்த ஐந்துக்கும் 6 மாதம், வேறு சில நட்சத்திரங்களுக்கு அதைவிடக் குறைவு. இதைக் கேட்டுவிட்டுப் பயப்படுகிறவர்கள் உண்டு. என் அம்மா வேறு விதமாகச் சொன்னார். "ஆறு மாசம்னு போட்டிருக்கான்னா, ஆறு மாசத்துல முடிஞ்சுடுதுன்னுதானே அர்த்தம்?"

எனக்கு அது பெரிய வெளிச்சமாக இருந்தது. நம் சடங்குகள் எல்லாமே துக்கத்துக்கு நாள் குறிக்கின்றன. பத்தாம் நாள், பதினாறாம் நாள், வருடம் திரும்பினால் தெவசம். முஸ்லிம் வீடுகளில் நாற்பதாம் நாள் ஓதுகிறார்கள். கிறிஸ்தவர்கள் நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். செத்தவர் அந்நியராக அலையாமல், வீட்டுக்கு வேண்டியவராக மாறுவதற்கான படிகள் அவை. வட தமிழ்நாட்டில் சுமங்கலியாகப் போன பெண்ணைப் பூவாடைக்காரி என்று சேலை வைத்துக் கும்பிடுகிறார்கள். பேரன் பேத்தி எடுத்துப் போனவருக்குக் கல்யாணச் சாவு என்று மேளம் கட்டுகிறோம். வீட்டில் நடந்த சாவு வீட்டைக் கெடுத்துவிடும் என்பது நம் மரபின் முழுக் கருத்து இல்லை.

ஆகவே கணபதி ஹோமமோ, பாதிரியாரின் மந்திரிப்போ, குர்ஆன் ஓதுவதோ, உங்களுக்கு எது பழக்கமோ அதைத் தயங்காமல் செய்யுங்கள். பயத்தில் இருக்கும் குடும்பம் ஒன்றாக உட்கார்ந்து, இது இனி நம் வீடு என்று சொல்லிக்கொள்ள அது உதவுகிறது. ஆனால் "தோஷம் பலமாக இருக்கு, லட்ச ரூபாய் பரிகாரம்" என்று ஆரம்பிக்கிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பயந்தவரிடம் பணம் பறிப்பது எனக்கு மிகக் கொடுமையாகப் படுகிறது.

அகால மரணம் என்றால்? தற்கொலையோ கொலையோ நடந்த வீடு என்று தெரியவந்தால் மனம் இன்னும் கனக்கும், அது இயல்புதான். வாங்குவதற்கு முன் தெரிந்தால், வேண்டாம் என்று விலக உங்களுக்கு முழு உரிமை உண்டு. யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. வாங்கிய பிறகு தெரிந்தால், அந்த அறையை மட்டும் பூட்டி வைக்காதீர்கள். பூட்டிய அறை நாளுக்கு நாள் பெரிதாகும். ஆழ்வார்பேட்டை டிமான்டி காலனியைப் பற்றி ஊரெல்லாம் கதை பரவியதும், அங்கே வீடுகள் ஆளில்லாமல் விளக்கில்லாமல் வருடக்கணக்கில் கிடந்ததும் ஒன்றோடொன்று சம்பந்தப்பட்டவை என்றே நினைக்கிறேன். சுண்ணாம்பு அடித்து, ஜன்னல் திறந்து, பகலில் புழங்கும் அறையாக அதை மாற்றுங்கள். குழந்தைகளுக்கு முழு விவரம் வேண்டாம், பொய்யும் வேண்டாம். வாரக்கணக்கில் தூக்கமில்லை, வேலைக்குப் போக முடியவில்லை, பகலிலும் நடுக்கம் என்றால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணை அழையுங்கள். அரசின் இலவச மனநலச் சேவை அது, தமிழிலேயே பேசலாம்.

எங்கள் வீட்டில் முடிச்சு அவிழ்ந்தது எதிர்வீட்டு மாமியால்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைக் காபிக்கு அழைத்து, "அந்த சாரைப் பத்திச் சொல்லுங்களேன்" என்று என் மனைவியே கேட்டாள். கணக்கு வாத்தியாராம். தெருப் பிள்ளைகளுக்கு இலவசமாகச் சொல்லிக்கொடுத்தாராம். கடைசி மாதங்களில் மகள் லீவு போட்டு வந்து பக்கத்திலேயே இருந்தாளாம். பேச்சோடு பேச்சாகக் கொக்கியைப் பற்றியும் கேட்டோம். "அதுவா, குளுக்கோஸ் பாட்டில் மாட்ட ஸ்டாண்டு கிடைக்கலைன்னு அந்தப் பொண்ணுதான் ஆள வச்சு அடிச்சா" என்றார்.

பெயின்ட் அடிக்க வந்தவர் அதைப் பிடுங்கிவிடவா என்று கேட்டபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். நங்கநல்லூர்க் கொசுவுக்கு, வலையின் ஒரு முனையை இப்போது அதில்தான் கட்டுகிறோம்.